சரியும் அணி, குவியும் செய்திகள்: எந்த நிருபரை எதற்கு நம்புவது?

2017 பிப்ரவரி 7 அன்று இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான லெஸ்டர் சிட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கிளாடியோ ரனியேரிக்கு எங்கள் ஆதரவு அசையாதது என்பது அதன் சாரம். பதினாறே நாளில், பிப்ரவரி 23 அன்று, அதே கிளப் அவரை வீட்டுக்கு அனுப்பியது. இங்கிலாந்தின் உயர்நிலை லீக்கான பிரீமியர் லீக் கோப்பையை அவர் வாங்கித் தந்து பத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒரு நிருபர் 'ரனியேரியின் வேலைக்கு ஆபத்தில்லை' என்று எழுதியிருந்தால் அவர் பொய்யரா? கிளப் பகிரங்கமாகச் சொன்னதைத்தானே எழுதினார். இன்னொருவர் 'ரனியேரி போகப்போகிறார்' என்று எழுதியிருந்தால் அவர் உள்விவரம் தெரிந்தவரா? அணி 25 ஆட்டங்களில் 21 புள்ளியோடு 17ஆம் இடத்தில், கீழ்நிலை லீக்குக்குத் தள்ளும் தரமிறக்கக் கோட்டுக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது. 2017 பிறந்ததிலிருந்து லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. டீக்கடையில் பேப்பர் புரட்டுகிறவரும் அதைச் சொல்லியிருப்பார். சொன்னது பலித்ததா என்று மட்டும் பார்த்து நிருபரை எடைபோட்டால் இப்படித்தான் குழம்ப வேண்டியிருக்கும்.

அணி சரியும்போது வரும் செய்திகளை முதலில் இரண்டு கூடையில் பிரிக்க வேண்டும். 'என்ன நடக்கப்போகிறது' என்பது ஒரு கூடை: மேனேஜர் நீக்கம், அடுத்து வருபவர், ஒதுக்கப்பட்ட வீரர். 'ஏன் இப்படி ஆனது' என்பது மற்றொன்று: டிரெஸ்ஸிங் ரூம் சண்டை, கடுமையான பயிற்சி, வாங்காமல் விட்ட வீரர். கிளப்புக்கு நெருக்கமான நிருபர் முதல் கூடையில் பெரும்பாலும் சரியாக இருப்பார், இரண்டாவதில் அடிக்கடி சறுக்குவார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: அவருக்குச் சொல்பவர்கள் அந்த விவகாரத்தில் பங்குள்ளவர்கள். தேதியை அவர்கள் சரியாகச் சொல்வார்கள். காரணத்தைத் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள்.

செய்தி எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இது இன்னும் விளங்கும். இங்கிலாந்தில் வார இறுதி ஆட்டத்துக்கு முன், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, பயிற்சி மைதானத்தில் மேனேஜர் செய்தியாளர்களைச் சந்திப்பார். முதல் பகுதி தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும். அது அப்போதே ஒளிபரப்பாகிவிடும். பிறகு கேமராக்களை அணைத்துவிட்டு நாளிதழ் நிருபர்களுக்குத் தனியாகச் சில நிமிடம் பேசுவார். இந்தப் பகுதியை இரவு 10.30 மணி வரை வெளியிடக் கூடாது என்பது நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. ஞாயிறு இதழ்களுக்கு இன்னொரு துண்டு. அதனால் இரவு 10.30க்கு ஐந்து நாளிதழ்களில் ஒரே வாக்கியம் வந்தால் அது ஐந்து ஆதாரம் ஆகாது, ஒரே அறையில் ஒரே வாய் சொன்னது. 'எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிட்டதே' என்று ரசிகர்கள் திகைப்பது பாதி நேரம் இதனால்தான்.

அதற்கும் கீழே ஒரு தளம் உண்டு. கிளப்பின் தகவல் தொடர்பு அதிகாரி, தன் பெயர் வராது என்ற உறுதியோடு நாலைந்து நிருபர்களிடம் விவரம் சொல்வார். பிரீஃபிங் என்பார்கள். மேற்கோள் குறி இல்லாமல் 'கிளப் இப்படிக் கருதுகிறது' என்று ஒரு வரி வந்தால் அது பெரும்பாலும் இந்த வழியில் வந்தது. 'மேனேஜரின் நண்பர்கள் சொல்கிறார்கள்' என்றால் அவரோ அவருடைய ஏஜென்ட்டோ. 'வீரருக்கு நெருக்கமானவர்கள்' என்றால் வீரரின் ஏஜென்ட், சில சமயம் குடும்பம். இந்தத் தொழிலில் இவை கிட்டத்தட்ட நிலையான சொற்கள்.

முதல் கூடைக்கு நல்ல உதாரணம் மான்செஸ்டர் யுனைடெட். ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த மேனேஜர் டேவிட் மொய்ஸ், 2014 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, தன் பழைய அணியான எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்றார். திங்கள் பிற்பகல் பல பத்திரிகைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே சொற்களில், அவர் நீக்கப்படப்போகிறார் என்று எழுதின. கிளப் மறுக்கவில்லை. செவ்வாய் காலை அறிவிப்பு வந்தது. வழக்கமாக ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் நிருபர்கள், அதிலும் அந்தக் கிளப்பையே தினமும் எழுதுகிறவர்கள், ஒரே நேரத்தில் ஒரே செய்தியைச் சொன்னால், மறுப்பும் வராவிட்டால், அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். தனியாக ஒருவர் மட்டும் சொல்லி, கிளப்பை அன்றாடம் பின்தொடரும் உள்ளூர் நிருபர்கள் வாயே திறக்காமல் இருந்தால் ஒரு நாள் பொறுப்பது நல்லது.

கிளப் தரும் மறுப்புக்கு என்ன மதிப்பு? எதை மறுக்கிறது என்பதைப் பொறுத்தது. 'அந்த வீரரை வாங்க நாங்கள் விலை கேட்கவில்லை' என்ற மறுப்பு ஓரளவு கனமானது, ஏனென்றால் எதிர்த்தரப்புக் கிளப் உண்மையைச் சொல்லிவிட முடியும். 'மேனேஜருக்கு எங்கள் முழு ஆதரவு' என்பது மிக லேசானது. யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று எந்தக் கிளப்பும் சொல்ல முடியாது: வீரர்கள் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள், இழப்பீட்டுப் பேரம் கெடும், அடுத்து வருபவரின் சம்பளக் கோரிக்கை ஏறும். 2012இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட யுனைடெட் போன்ற கிளப்புக்கு முதலீட்டாளர் கவலையும் சேரும். செல்சி 2015 அக்டோபர் 5 அன்று மேனேஜர் ஜோஸே மொரீனியோவுக்கு முழு ஆதரவு என்று அறிக்கை விட்டது. 73 நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று நீக்கியது. முந்தைய மே மாதம் சாம்பியனான அணி அப்போது 16ஆம் இடத்தில், 16 ஆட்டங்களில் 9 தோல்வியோடு கிடந்தது.

அதே செல்சி சீசனில்தான் பெயரில்லா மேற்கோள் என்ன செய்யும் என்பதையும் பார்க்கலாம். அக்டோபர் 31 அன்று லிவர்பூலிடம் 3-1 என்று தோற்ற மறுநாள், பிபிசி வானொலியில் ஒரு தகவல் வந்தது: மொரீனியோவுக்காக ஜெயிப்பதைவிடத் தோற்பதே மேல் என்று ஒரு வீரர் சொன்னாராம். யார் என்று சொல்லவில்லை. உடனே ஊரே பெயர் தேடியது. நடுக்கள வீரர் செஸ்க் ஃபாப்ரிகாஸ் தானாக முன்வந்து மறுக்க வேண்டியதாயிற்று. டிசம்பரில் நீக்கம் நடந்தபோது கிளப்பின் தொழில்நுட்ப இயக்குநர் மைக்கேல் எமனாலோ, மேனேஜருக்கும் வீரர்களுக்கும் இடையே வெளிப்படையான பிளவு இருந்தது என்று கிளப்பின் சொந்தத் தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டார். சொந்த மைதானத்தில் நடந்த அடுத்த ஆட்டத்தில் ரசிகர்கள் வீரர்களைக் குற்றம்சாட்டிப் பதாகை பிடித்தார்கள்.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? திசை சரியாக இருந்தது, பிளவு உண்மை. ஆனால் குறிப்பிட்ட அந்த வாக்கியம் உறுதியாகவும் இல்லை, பொய்யாகவும் இல்லை. சரிபார்க்க வழியே கிடையாது. பின்னால் நடந்த நீக்கத்தைக் காட்டி 'பார்த்தீர்களா, அன்றே சொன்னார்கள்' என்று முழு மதிப்பெண் கொடுப்பதுதான் தவறு. எமனாலோ உறுதி செய்தது பிளவை. அந்த மேற்கோளை யாரும் உறுதி செய்யவில்லை. ஒரு சீசன் சரியும்போது நிருபர்கள் சேர்க்கும் புகழில் பெரும்பகுதி இப்படி ஒட்டிக்கொண்டு வருவதுதான்.

லெஸ்டருக்குத் திரும்பினால் இதன் எதிர்ப்பக்கம் தெரியும். ரனியேரி போனதும், ஸ்பெயினின் செவிய்யா அணியிடம் 2-1 என்று தோற்ற இரவே மூத்த வீரர்கள் உரிமையாளரைச் சந்தித்து முறையிட்டார்கள் என்று செய்திகள் வந்தன. முன்கள வீரர் ஜேமி வார்டியின் பெயரும் அதில் அடிபட்டது. ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரம் ஊக்கமருந்துப் பரிசோதனை அறையில் உட்கார்ந்திருந்தேன், எந்தக் கூட்டத்தில் இருந்திருக்க முடியும் என்று அவர் கேட்டார். தனக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகவும் சொன்னார். இடம், நேரம், ஆள் மூன்றையும் சொல்லும் செய்தியில் ஒரு நன்மை இருக்கிறது, தவறானால் அகப்பட்டுவிடும். 'மூத்த வீரர்கள் சிலர் அதிருப்தியில்' என்று எழுதுகிறவர் ஒருநாளும் அகப்பட மாட்டார். ஆனாலும் படிப்பவர்கள் அகப்பட்டவரையே பொய்யர் என்பார்கள், மங்கலாக எழுதியவரை நம்பகமானவர் என்பார்கள். அநியாயம்தான்.

ஒவ்வொரு செய்தியிலும் கேட்க வேண்டிய கேள்வி, இது வெளிவந்தால் யாருக்கு லாபம் என்பது. கோடையில் கேட்டும் வாங்கித் தராத வீரர்களின் பெயர்ப் பட்டியல் திடீரென வந்தால் மேனேஜர் தரப்பு பேசுகிறது. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட ஒருவர் 'பயிற்சியில் அசத்துகிறார்' என்று வந்தால் அவருடைய ஏஜென்ட். அடுத்த மேனேஜர் இவர்தான் என்று வேறொரு கிளப்பில் இருப்பவரின் பெயர் வந்தால், அவருக்கு அங்கே ஒப்பந்தப் பேச்சு நடக்கிறதா என்று பாருங்கள். பல முறை நடந்துகொண்டிருக்கும். மேனேஜரின் தினசரி நடைமுறைகளைப் பற்றிய சலிப்பான விவரங்கள், எத்தனை மணிக்குக் கூட்டம், எத்தனை வீடியோ, பெரும்பாலும் பயிற்சி மைதான ஊழியர்களிடமிருந்து கசிபவை. மேனேஜரோடு தங்கள் வேலையும் போகுமா என்ற பயம் அவர்களுக்கு. இவர்களில் யாருமே முழுப் பொய் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்த உண்மைகளில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுத்தாலே போதும்.

பந்தய விகிதங்களை வைத்து எழுதும் செய்திகளை அப்படியே தள்ளிவிடலாம். அடுத்து வேலை இழக்கும் மேனேஜர் யார் என்ற பந்தயத்தில் புரளும் பணம் சிறியது. சிறு தொகை விழுந்தாலே விகிதம் தடாலென்று மாறும். பந்தய நிறுவனங்களும் அந்த மாற்றத்தை விளம்பரத்துக்காகவே செய்தி அறைகளுக்கு அனுப்பி வைக்கின்றன.

நெருக்கமான நிருபர் ஏன் காரணத்தை முழுதாக எழுதுவதில்லை என்பதற்கு வேறொரு கணக்கும் உண்டு. அவருடைய பிழைப்பு அந்தப் பயிற்சி மைதானத்தின் கதவு திறப்பதில் இருக்கிறது. ரசிகர்களின் எதிர்ப்பு ஊர்வலத்தைப் பற்றி எழுதியதற்காக 2013 அக்டோபரில் நியூகாசில் யுனைடெட் உள்ளூரின் மூன்று பத்திரிகைகளை வெளியே நிறுத்தியது. தன் மகனைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்றுக்காக மான்செஸ்டர் யுனைடெட்டின் அன்றைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் 2004 முதல் 2011 வரை பிபிசியோடு பேசவில்லை. எனவே, கோடையில் தினமும் மூன்று செய்தி தந்த ஒருவர் தொடர் தோல்வியின்போது அமைதியாகிவிட்டால் அந்த அமைதியையும் குறித்து வையுங்கள். அவருக்குச் சொன்னவர்கள் சொல்வதை நிறுத்தியிருக்கலாம், அல்லது அவர்தான் எழுதத் தயங்குகிறார்.

ஒரு நிருபரை உண்மையிலேயே அளக்க வேண்டுமென்றால் நினைவை நம்பாமல் ஒரு தாள் போடுவது நல்லது. தேதி, நேரம், அவர் எழுதிய அதே வாக்கியம், ஆதாரம் எப்படிச் சொல்லப்பட்டது, எந்த நாளுக்குள் நடக்க வேண்டும், என்ன ஆனது. ஆறு கட்டம் போதும். சரி, தவறு என்று குறிக்க நடந்தேற வேண்டிய நிகழ்வுகளை மட்டும் எடுங்கள். 'கிளப் பரிசீலிக்கிறது', 'கவலை நிலவுகிறது' எல்லாம் கணக்கில் வராது. 'சனிக்கிழமை தோற்றால் நீக்கம்' என்பது நிபந்தனை, சனிக்கிழமை ஜெயித்துவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள். கெடு இல்லாத கணிப்புக்கும் மதிப்பெண் இல்லை. எல்லா மேனேஜரும் என்றாவது ஒருநாள் போகத்தான் போகிறார்கள். பதிவை நீக்கிவிடும் ஆட்கள் இருப்பதால் படம் எடுத்து வைப்பது அவசியம்.

பத்துக்கு ஏழு சரி என்று கண்டால் உடனே மயங்க வேண்டாம். நாணயம் சுண்டிப் பார்த்துச் சொல்பவருக்கும் பத்தில் ஏழோ அதற்கு மேலோ கிடைக்க 17 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இருபதில் பதினான்கு என்றால் அது 6 விழுக்காட்டுக்குக் குறைகிறது. குறைந்தது இருபது சேரும் வரை தீர்ப்பைத் தள்ளி வையுங்கள். சுலபமான கணிப்புகளையும் கழிக்க வேண்டும்: 'இந்த வாரம் நீக்கமில்லை' என்று வாராவாரம் எழுதினால் யாருக்கும் 95 மதிப்பெண் வந்துவிடும். அறிவிப்புக்கு எவ்வளவு முன்னால் சொன்னார் என்பதும் முக்கியம். இருபது நிமிடம் முன்னால் என்றால் அதே அறிக்கையைக் கொஞ்சம் முந்திப் பார்த்திருக்கிறார். ஒரு நாளுக்கு மேல் என்றால் தனி ஆதாரம் இருக்கிறது. தவறாகப் போனதைத் தானே 'தவறாகச் சொன்னேன்' என்று எழுதுபவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடலாம். அப்படிப்பட்டவர்கள் குறைவு.

தமிழில் படிப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல், மொழிபெயர்ப்பில் வந்து சேர்கிறது. ஆங்கில நிருபர்கள் நிச்சயத்தின் அளவைச் சொல்லச் சின்னச் சின்ன வினைகளை வைத்திருக்கிறார்கள். நேரடியாகக் கேட்டறிந்ததற்கு ஒன்று, பிறர் எழுதியதை எடுத்துச் சொல்வதற்கு ஒன்று, யோசனை நிலையில் இருப்பதற்கு ஒன்று. தமிழ்ச் செய்தியில் இவை எல்லாம் 'தகவல் வெளியாகியுள்ளது' என்ற ஒரே பானைக்குள் விழுந்துவிடுகின்றன. 'பரிசீலிக்கிறது' என்பது தலைப்பில் இடம் போதாமல் 'முடிவு' ஆகிவிடுகிறது. 'கூறப்படுகிறது' என்பதில் கூறியவர் யார் என்பதே மறைந்துபோகிறது. பத்திரிகையின் பெயரோ நிருபரின் பெயரோ இல்லாமல் 'இங்கிலாந்து ஊடகங்கள்' என்று மட்டும் இருந்தால் மூலத்தைத் தேடிப் பார்க்கும் வரை அதற்குச் சுழியம்தான். நேரமும் உதவும்: இங்கிலாந்தின் இரவு 10.30 என்பது சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் குளிர்காலத்தில் அதிகாலை 4 மணி, கோடையில் 3 மணி. அந்த நேரத்தை ஒட்டி ஒரே சமயத்தில் கொட்டும் செய்திகள் வெள்ளிக்கிழமைச் சந்திப்பின் மிச்சம். வேறு நேரத்தில் தனியாக வருவதைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்.

இனி இரண்டாவது கூடை. இதில் தாளும் கட்டமும் அவ்வளவாக உதவாது. இங்கே பார்க்க வேண்டியது, ஜெயித்தபோது இதே விஷயத்தை இதே நிருபர் எப்படி எழுதினார் என்பதை. ரனியேரி 2015 இலையுதிர் காலத்தில், கோல் வாங்காமல் ஜெயித்தால் பீட்சா என்று சொல்லி வீரர்களை அழைத்துப்போனார். உலகமே ரசித்தது, அவர் பாசமுள்ள தாத்தாவானார். 2013இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த மொய்ஸ் ஆட்டத்துக்கு முந்தின நாள் சிப்ஸ் கூடாது என்று தடுத்ததை அந்த அணியின் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட் பிற்பாடு குறையாக எழுதினார். பீட்சா கோப்பை வாங்கித் தரவில்லை, சிப்ஸ் தடை அணியை ஏழாம் இடத்துக்குத் தள்ளவும் இல்லை. அணியை ஓயாமல் மாற்றுபவர் என்று செல்சி நாட்களில் ரனியேரிக்கு ஒட்டிய 'டிங்கர்மேன்' பட்டம், கோப்பை வென்ற சீசனில் காணாமல் போய், சரிவில் மறுபடி தலைகாட்டியது. மேனேஜர் நீக்கப்பட்ட சில மணி நேரத்திலேயே வரும் நீண்ட 'உள்ளே நடந்தது என்ன' கட்டுரைகள் முன்பே எழுதி வைக்கப்பட்டவை. அதில் உள்ள குறைகளில் எத்தனை, அதே ஆள் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் எழுதியவை என்று தேடிப் பாருங்கள்.

யாருடைய காதிலும் கிசுகிசுக்கத் தேவையில்லாத காரணங்கள் எல்லாருடைய கண்முன்னும் கிடக்கும். கோப்பை வென்ற லெஸ்டரின் நடுக்களத்தில் ஓடிய என்கோலோ கான்டே 2016 கோடையில் செல்சிக்குப் போனார். செல்சி அடுத்த ஆண்டு சாம்பியன். அவரைக் கண்டெடுத்த ஆள்தேர்வுத் தலைவர் ஸ்டீவ் வால்ஷ் அதே கோடையில் எவர்ட்டனுக்குப் போனார். வார்டியின் லீக் கோல்கள் 24இலிருந்து 13 ஆயின, இன்னொரு வீரர் ரியாத் மாரெஸின் கோல்கள் 17இலிருந்து 6 ஆயின. முன்னால் கான்டே இல்லாமல் பின்வரிசை திறந்து கிடந்தது. அதற்கு மேல் நடுநடுவே ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள். இதை எழுத பெயரில்லா ஆதாரம் ஒன்றுகூட வேண்டாம். ஆட்டத்தைப் பார்த்தால் போதும். ஆனால் 'வீரர்கள் புரட்சி' என்ற தலைப்புக்கு முன்னால் இது எடுபடாது. வீரர்கள் தன்னைக் கவிழ்த்தார்கள் என்று நம்ப முடியவில்லை என்றுதான் ரனியேரியே பின்னால் பேட்டியில் சொன்னார்.

மேனேஜர் மாறியதும் அணி ஜெயிப்பதைக் காட்டி 'அவர்தான் பிரச்சினை' என்று எழுதும் நிருபரிடமும் கவனமாக இருக்க வேண்டும். பொருளியலாளர்கள் யான் வான் ஓர்ஸும் மார்ட்டின் வான் டுயிலும் நெதர்லாந்தின் உயர்நிலை லீக்கில் 14 சீசன்களை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியாளரை நீக்கிய அணிகள் அதன் பிறகு முன்னேறின. அதே அளவு மோசமான தொடரில் சிக்கி, ஆனால் யாரையும் நீக்காத அணிகளும் அதேபோல முன்னேறின. நீக்கம் நடப்பதே அதலபாதாளத்தில், அங்கிருந்து போக மேலேதான் வழி.

ரனியேரி போன நான்காம் நாள், பிப்ரவரி 27 அன்று, அவருடைய உதவியாளராக இருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியரின் பொறுப்பில் லெஸ்டர் லிவர்பூலை 3-1 என்று வென்றது. வார்டி இரண்டு கோல். வீரர்கள் இதுவரை வேண்டுமென்றே ஆடவில்லை என்றார்கள் சிலர், விலங்கு கழன்றது என்றார்கள் வேறு சிலர். லெஸ்டர் தொடர்ந்து ஐந்து லீக் ஆட்டங்களை வென்று 12ஆம் இடத்தில் முடித்தது. ஷேக்ஸ்பியருக்கு ஜூனில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் கிடைத்தது. அடுத்த சீசனில் எட்டு ஆட்டங்களில் ஆறே புள்ளி, 18ஆம் இடம். அக்டோபர் 17 அன்று அவரையும் நீக்கினார்கள்.